ஆய்வகத்தில் ஈல்டு கணக்கு: சேலம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் வட்டாரத்தில் இளநிலை, முதுநிலை வேதியியல் படிப்பவர்கள் கரிமத் தயாரிப்புச் செய்முறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆஸ்பிரின், அசிட்டனிலைடு, பென்சாயிக் அமிலம், டைபென்சால்அசிட்டோன் என்று எல்லோரும் செய்து பார்க்கும் தயாரிப்புகளே எடுத்துக்காட்டுகள். இடையில் ஜவ்வரிசி மாவும் ஏற்காட்டு மிளகும் வரும். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; மோலார் நிறைகள் எல்லாம் ஒரு மோலுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்.

சதவீத விளைச்சல் (ஈல்டு) என்றால் என்ன?

கிடைக்க வேண்டியதில் எவ்வளவு கைக்கு வந்தது என்பதுதான். நெல் அறுத்தவர்கள் களத்தில் அளந்து பார்ப்பதைக் கண்டுமுதல் என்பார்கள். நம் கண்டுமுதல், தராசில் நிற்கும் உலர்ந்த விளைபொருளின் நிறை. வினைச் சமன்பாட்டின்படி ஒரு துளிகூடச் சிந்தாமல் வினை முழுதும் நடந்திருந்தால் வந்திருக்க வேண்டிய நிறை, கோட்பாட்டு விளைச்சல்.

சதவீத விளைச்சல் = (கிடைத்த நிறை ÷ கோட்பாட்டு நிறை) × 100

மேலே போடும் எண்ணைத் தராசு தருகிறது. கீழே போடும் எண்ணை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளில் பிழை பெரும்பாலும் அந்தக் கீழ் எண்ணில்தான்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். 2.00 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 5 சொட்டு அடர் கந்தக அமிலம். 60 முதல் 70 டிகிரி நீர்த்தொட்டியில் 15 நிமிடம். பிறகு நீர் சேர்த்து, ஐஸில் குளிர்வித்து, புக்னர் புனலில் வடிகட்டல்.

சாலிசிலிக் அமிலத்தின் மோலார் நிறை 138.12. ஆகவே 2.00 ÷ 138.12 = 0.01448 மோல்.

அன்ஹைட்ரைடு திரவம் என்பதால் முதலில் அடர்த்தியால் பெருக்க வேண்டும்: 5 × 1.08 = 5.4 கிராம். அதை 102.09 ஆல் வகுத்தால் 0.0529 மோல்.

இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வினைபுரிகின்றன. சாலிசிலிக் அமிலம்தான் முதலில் தீரும். ஒரு மோல் சாலிசிலிக் அமிலத்துக்கு ஒரு மோல் ஆஸ்பிரின் வருவதால் 0.01448 × 180.16 = 2.61 கிராம். இது கோட்பாட்டு விளைச்சல்.

மறுபடிகமாக்கி (சூடான கரைப்பானில் கரைத்து, குளிரவைத்து மீண்டும் படிகமாக எடுத்து) உலர்த்தி எடை போட்டதில் 1.86 கிராம் இருந்தால், 1.86 ÷ 2.61 × 100 = 71.3 சதவீதம்.

2.00 கிராம் போட்டு 1.86 கிராம் எடுத்ததால் 93 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. போட்டது ஒரு பொருள், வந்தது வேறு பொருள். மூலக்கூறின் எடையே மாறிவிட்ட பிறகு கிராமைக் கிராமால் வகுக்க முடியாது. மோல் வழியாகத்தான் போக வேண்டும்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீர்ந்துபோகும் பொருளை, எப்படிக் கண்டுபிடிப்பது? மோல் குறைவாக இருப்பதுதானே?

இல்லை. மோல் எண்ணிக்கையைச் சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்த பிறகு எது குறைவோ, அதுதான். ஆஸ்பிரினில் இரண்டுக்கும் முன்னால் 1 இருப்பதால் இந்த வேறுபாடு தெரியாமல் போகிறது. டைபென்சால்அசிட்டோனில் மாட்டிக்கொள்வீர்கள்.

அங்கே இரண்டு மூலக்கூறு பென்சால்டிஹைடும் ஒரு மூலக்கூறு அசிட்டோனும் சேர்கின்றன. 5 மி.லி. பென்சால்டிஹைடு எடுத்தால் அடர்த்தி 1.04, எனவே 5.2 கிராம், 106.12 ஆல் வகுக்க 0.0490 மோல். 2 மி.லி. அசிட்டோன் 1.58 கிராம், 58.08 ஆல் வகுக்க 0.0272 மோல். மேலோட்டமாகப் பார்த்தால் அசிட்டோன்தான் குறைவு. ஆனால் பென்சால்டிஹைடை 2 ஆல் வகுத்தால் 0.0245. அதுதான் முதலில் தீருகிறது. கோட்பாட்டு விளைச்சல் 0.0245 × 234.29 = 5.74 கிராம்.

மஞ்சள் படிகம் 4.60 கிராம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 80 சதவீதம். அசிட்டோனைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று எடுத்தவருக்குக் கீழ் எண் 6.37 ஆகி, 72 சதவீதம் வரும். பென்சால்டிஹைடைச் சரியாகப் பிடித்தும் 2 ஆல் வகுக்க மறந்தவருக்குக் கீழ் எண் 11.48 ஆகி, 40 சதவீதம் வரும். மூவர் கையிலும் இருப்பது அதே 4.60 கிராம்தான்.

கானிசாரோ வினையிலும் இதே பொறி இருக்கிறது. இரண்டு பென்சால்டிஹைடில் ஒன்று அமிலமாகிறது, மற்றது பென்சைல் ஆல்கஹாலாகிறது. 10 மி.லி. பென்சால்டிஹைடிலிருந்து அதிகபட்சம் 5.98 கிராம் பென்சாயிக் அமிலம்தான் வர முடியும். அதை இருமடங்காக்கி 11.97 என்று போட்டுவிட்டு "பாதிதான் வந்தது சார்" என்று வருத்தப்பட வேண்டாம்.

திரவம், கரைசல், உப்பு வடிவம்... இவற்றுக்கு மோல் எப்படிப் போடுவது?

தூய திரவம் என்றால் மி.லி. × அடர்த்தி ÷ மோலார் நிறை. கரைசல் என்றால் நிறைச் சதவீதத்தாலும் பெருக்க வேண்டும். அடர்த்தி 1.42, 69 சதவீத நைட்ரிக் அமிலம் 1 மி.லி. எடுத்தால் 1.42 × 0.69 = 0.98 கிராம்; 63.01 ஆல் வகுக்க 0.0156 மோல். அடர் அமிலம் என்று எழுதியிருப்பதாலேயே அது 100 சதவீதம் ஆகிவிடாது.

உப்பாக விற்கப்படும் பொருளில் புட்டி லேபிளில் இருக்கும் மோலார் நிறையையே எடுங்கள். செமிகார்பசைடு பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடாகத்தான் வருகிறது. அதன் மோலார் நிறை 111.53. பாடப்புத்தகத்தில் பார்த்த 75.07 ஆல் வகுத்தால் மோல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகத் தெரியும். படிக நீர் ஏறிய சோடியம் அசிட்டேட்டும் இப்படித்தான். நீரற்றது 82.03, மூன்று நீர் மூலக்கூறுடன் 136.08.

புட்டியில் 98 சதவீதத் தூய்மை என்று இருந்தால் எடுத்த நிறையை 0.98 ஆல் பெருக்குங்கள். நாள்பட்ட பென்சால்டிஹைடுக்கு லேபிளையும் நம்ப முடியாது. காற்று பட்டுப் பென்சாயிக் அமிலமாக மாறியிருக்கும், மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருப்பதே சாட்சி. சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, காய்ச்சி வடித்த பிறகே எடுக்க வேண்டும். கறுத்துப்போன அனிலினையும் அப்படித்தான், துளி துத்தநாகத் தூள் போட்டுக் காய்ச்சி வடித்து.

கந்தக அமிலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

ஆஸ்பிரினில் வேண்டாம், அது வினையூக்கி. அசிட்டனிலைடை நைட்ரோ ஏற்றும்போதும் அது ஊடகமாகவும் நைட்ரோனியம் அயனியை உண்டாக்கவும் இருக்கிறதே தவிர, விளைபொருளுக்குள் போவதில்லை.

எனக்கு 112 சதவீதம் வந்திருக்கிறது. என்ன தப்பு?

கணக்கைத் திருத்தும் முன் பொருளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாட்டுலாவில் ஒட்டுகிறதா? அப்படியானால் ஈரம். பத்தில் எட்டு முறை ஈரம்தான் காரணம். புக்னர் புனலில் பம்பு இழுத்து மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் படிகங்களுக்கிடையே ஏராளமான நீர் நிற்கும்.

காய்ந்த பொருள் என்றால் அடுத்து வடிதாள். 7 செ.மீ. விட்டமுள்ள சாதாரண வடிதாள் ஏறத்தாழ 0.33 கிராம் இருக்கும். ஆஸ்பிரின் கணக்கில் அதைக் கழிக்க மறந்தால் 13 சதவீதம் கூடிவிடும்! வடிதாளோடு சேர்த்து எடை போடுவதே நல்ல வழக்கமல்ல, தாள் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், உலர்த்தினால் இழக்கும். முன்பே எடை போட்ட கடிகாரக் கண்ணாடிக்குப் பொருளைச் சுரண்டி மாற்றுங்கள்.

அதுவும் சரியென்றால் மாசு. வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் ஆஸ்பிரினோடு கலந்திருக்கலாம். சில படிகங்களை ஆல்கஹாலில் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் காட்டிக்கொடுக்கும். பென்சாயிக் அமிலத்தை அமிலம் விட்டு வீழ்படிவாக்கிச் சரியாகக் கழுவாவிட்டால் பொட்டாசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். சிறிது பொருளைக் கரண்டியில் சுட்டால் பென்சாயிக் அமிலம் முழுதும் போய்விடும், உப்பு வெள்ளைச் சாம்பலாகத் தங்கும்.

இத்தனையும் பார்த்த பிறகே கணக்குக்கு வாருங்கள். 100ஐத் தாண்டிய எண்ணை அழித்து 78 என்று எழுதுவது எளிது. ஆனால் பக்கத்தில் உருகுநிலை 118 முதல் 128 டிகிரி என்று இருந்தால் தேர்வாளருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் உலர்த்த வேண்டும்?

நேரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நிலை எடை வரும்வரை உலர்த்த வேண்டும். எடை போடுங்கள், 15 நிமிடம் உலர்த்துங்கள், மறுபடி போடுங்கள். இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.01 கிராமுக்குள் வந்தால் போதும்.

எல்லாவற்றையும் 100 டிகிரி அடுப்பில் வைத்துவிடக் கூடாது. பென்சாயிக் அமிலம் பதங்கமாகும். அடுப்புக் கதவின் உட்புறம் ஊசிபோல் வெள்ளைப் படிகம் படிந்திருந்தால் அது உங்கள் ஈல்டுதான். ஆஸ்பிரினை ஈரத்தோடு அதிகச் சூட்டில் வைத்தால் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமுமாகப் பிரியத் தொடங்கும், வினிகர் வாடை வரும். இரண்டையும் டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய பாத்திரத்தில், வைப்பதே நல்லது. சிலிக்கா ஜெல் நீலம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தால் முதலில் அதைச் சூடாக்கி நீலமாக்குங்கள். ஈரமேறிய ஜெல்லோடு மூடி வைத்த டெசிக்கேட்டர் வெறும் கண்ணாடிப் பாத்திரம்.

ஈல்டு 40 சதவீதம்தான். மீதி எங்கே போகிறது?

பெரும்பகுதி தாய்நீரில். வடிகட்டிய பிறகு தொட்டியில் ஊற்றிவிடுகிறீர்களே, அதில்தான். எடை போட்டு முடிக்கும்வரை வடிநீரைக் கொட்டாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பென்சாயிக் அமிலத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் 0 டிகிரியில் 1.7 கிராம் கரையும், 25 டிகிரியில் 3.4 கிராம், 40 டிகிரியில் 5.5 கிராம். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மாடித்தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரைக் கையில் பிடிக்க முடியாது. அந்த நீரில் பீக்கரை வைத்து "குளிர்வித்தேன்" என்றால், 200 மி.லி. கரைசலில் 1.1 கிராம்வரை கரைந்தே நிற்கும். அதையே ஐஸ் கலவையில் இருபது நிமிடம் வைத்தால் 0.34 கிராமாகக் குறையும். எடுத்த அளவு மூன்று கிராம் என்றால் இந்த ஒரு படியில் மட்டும் கால் பங்கு வித்தியாசம். கோடையில் செய்முறை வகுப்புக்கு ஐஸ் வாங்கி வைப்பது ஆடம்பரமல்ல.

கழுவும் நீருக்கும் இதே கணக்கு. ஐஸ் நீர் 5 மி.லி. வீதம் இரண்டு முறை போதும். வாஷ் பாட்டிலை அழுத்திப் பிடித்து 100 மி.லி. ஊற்றினால் மாசோடு பொருளும் போகும். பம்பை நிறுத்தி, நீரை ஊற்றி, படிகம் நனைந்ததும் பம்பை மறுபடி இழுக்கவிட வேண்டும்.

மறுபடிகமாக்கலில் கரைப்பான் அதிகமாவது அடுத்தது. அசிட்டனிலைடு 5 கிராமுக்குக் கொதிநீர் ஏறத்தாழ 100 மி.லி. போதும். அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீர் அரை கிராம் அளவுக்கு அசிட்டனிலைடைப் பிடித்துக்கொள்ளும். பயந்துபோய் 250 மி.லி. ஊற்றியவர் 1.25 கிராமை அங்கேயே விட்டுவிட்டார். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நீருக்கடியில் 83 டிகிரிக்கு மேல் அசிட்டனிலைடு எண்ணெய்த் துளியாக உருகி நிற்கும். அது கரையாத மாசு என்று நினைத்து வடிகட்டிவிடுவார்கள். எண்ணெய் தெரிந்தால் இன்னும் சிறிது கொதிநீர் சேர்த்துக் கலக்குங்கள், கரைந்துவிடும்.

சூடான கரைசலை வடிகட்டும்போது புனல் குளிர்ந்திருந்தால் தண்டிலேயே படிகம் அடைத்துக்கொள்ளும். தண்டு குட்டையான புனலை வெந்நீரில் சூடாக்கி வையுங்கள். நிறம் நீக்கப் போடும் கரித்தூள் பொருளின் நிறையில் 1 முதல் 2 சதவீதம் போதும். கரண்டி கரண்டியாகப் போட்டால் நிறத்தோடு பொருளையும் உறிஞ்சும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு பென்சால்டிஹைடை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது வரும் பழுப்புச் சேறு, அதாவது மாங்கனீஸ் டை ஆக்சைடு, இன்னொரு திருடன். பஞ்சுபோல் பொட்டாசியம் பென்சோயேட் கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டினால் சேற்றைச் சிறிது வெந்நீரால் இரண்டு முறை கழுவி, கழுவிய நீரையும் வடிநீரோடு சேர்த்த பிறகே அமிலம் விட வேண்டும். அமிலம் போதாமல் நின்றுவிடுவதும் உண்டு. லிட்மஸ் ஒருமுறை சிவந்தது போதாது, பிஎச் 2 அளவுக்குப் போனால்தான் பென்சோயேட் முழுதும் அமிலமாக வெளியே வரும்.

இவை எல்லாம் கைத் தவறுகள். வினையே முடியாமல் போவது வேறு. டிஎல்சி (மென்படல வண்ணப்பிரிகை) தகட்டில் தொடக்கப் பொருளின் புள்ளி இன்னும் தெரிந்தால் சூடாக்கிய நேரம் போதவில்லை. ஆஸ்பிரின் தயாரிக்கும் கூம்புக் குடுவையில் ஒரு துளி நீர் இருந்தாலும் அது அன்ஹைட்ரைடைத் தின்னும். அன்ஹைட்ரைடு மிகையாக இருப்பதால் அது பெரிய இழப்பாகாது. ஆனால் கடைசியில் நீர் சேர்த்த பிறகும் நெடுநேரம் கொதிக்கவிட்டால் உருவான ஆஸ்பிரினே திரும்பச் சிதையும்.

மறுபடிகமாக்கும் முன் எடுத்த எடையா, பின் எடுத்ததா?

இரண்டையும் எழுதுங்கள். முதலில் சொன்ன ஆஸ்பிரினில் கச்சாப் பொருள் 2.31 கிராம் என்றால் கச்சா விளைச்சல் 88.5 சதவீதம், தூய விளைச்சல் 71.3 சதவீதம். 1.86 ÷ 2.31 = 80.5 சதவீதம் என்பது மறுபடிகமாக்கலில் மீண்டது. வினை நன்றாக நடந்ததா, கைவேலை நன்றாக இருந்ததா என்பது இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு எண்தான் கேட்கிறார்கள் என்றால் தூய விளைச்சலையும் உருகுநிலையையும் கொடுங்கள். உருகுநிலை இல்லாத ஈல்டு எதைப் பற்றியது என்றே தெரியாது.

இரண்டு, மூன்று கட்டத் தயாரிப்பில் மொத்த விளைச்சல்?

ஒவ்வொரு கட்டத்தின் விளைச்சலையும் பெருக்க வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது. அனிலினிலிருந்து பாரா-நைட்ரோஅனிலின்வரை போகும் வழியைப் பாருங்கள்.

முதல் கட்டம்: 5 மி.லி. அனிலின், அதாவது 5.1 கிராம், 0.0548 மோல். அசிட்டனிலைடின் கோட்பாட்டு நிறை 7.40 கிராம். கிடைத்தது 5.90 கிராம்: 79.7 சதவீதம்.

இரண்டாம் கட்டத்துக்கு அதில் 5.00 கிராம் மட்டும் எடுக்கிறோம். பாரா-நைட்ரோஅசிட்டனிலைடு 6.66 கிராம் வர வேண்டும். கிடைத்தது 4.60 கிராம்: 69.0 சதவீதம். ஆர்த்தோ மாற்றியமும் கொஞ்சம் உண்டாகி, மறுபடிகமாக்கும்போது ஆல்கஹாலோடு போய்விடுகிறது. இந்தக் கட்டம் தாழ்வாக வர அதுவும் ஒரு காரணம், உங்கள் குற்றமில்லை.

மூன்றாம் கட்டம்: 3.00 கிராம் எடுத்து நீராற்பகுப்பு. 2.30 கிராம் வர வேண்டும், வந்தது 1.95 கிராம்: 84.8 சதவீதம்.

மொத்தம் 0.797 × 0.690 × 0.848 = 0.466, அதாவது 46.6 சதவீதம். கடைசி 1.95 கிராமை முதலில் எடுத்த அனிலினோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது, இடையில் 0.90 கிராமையும் 1.60 கிராமையும் எடுத்து வைத்துவிட்டோமே.

இன்னொரு வேடிக்கை: பாரா-நைட்ரோஅசிட்டனிலைடுக்கும் ஆஸ்பிரினுக்கும் மோலார் நிறை ஒன்றே, 180.16. நோட்டில் இரண்டு இடத்திலும் அதே எண் வந்தால் காப்பி அடித்ததாக நினைக்க வேண்டாம்.

ஏற்காட்டுக் காபித் தூளிலிருந்து காஃபீன், மிளகிலிருந்து பைப்பரின் எடுத்தால் அதற்கும் ஈல்டு உண்டா?

சதவீத விளைச்சல் கிடையாது. அங்கே வினை எதுவும் நடக்கவில்லை, இருந்ததைப் பிரித்தெடுக்கிறீர்கள். சேர்வராயன் மலையில் காபிச் செடிக்கு நடுவே நிழல் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகைக் காயவைத்துப் பொடித்து 25 கிராம் எடுத்து, அதிலிருந்து 1.10 கிராம் பைப்பரின் வந்தால், "மிளகின் நிறையில் 4.4 சதவீதம்" என்று எழுத வேண்டும். அராபிகா காபியில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம். 50 கிராம் தூளில் 0.60 கிராம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு 0.33 கிராம் எடுத்தால், மீட்பு 55 சதவீதம் என்று சொல்லலாம். எதால் வகுத்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அந்தப் பைப்பரினை ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சிப் பைப்பரிக் அமிலமாக்கினால் அது வினை. 1.00 கிராம் பைப்பரின் 285.34 ஆல் வகுக்க 0.00350 மோல், பைப்பரிக் அமிலம் 218.2 என்பதால் 0.765 கிராம் வர வேண்டும். 0.58 கிராம் வந்தால் 76 சதவீதம். முதலில் வீழ்வது பொட்டாசியம் உப்பு. அதைக் காயவைத்து அமிலம் என்று எடை போட்டுவிடாதீர்கள்.

ஜவ்வரிசி ஆலை மாவிலிருந்து குளுக்கோஸ் செய்யும்போது 100 கிராமுக்கு 111 கிராம் என்கிறார்களே, அது எப்படி?

சரிதான். ஸ்டார்ச்சில் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து கோக்கப்பட்டிருக்கிறது. அலகின் நிறை 162.14. நீராற்பகுப்பில் அந்த நீர் திரும்பச் சேர்ந்து 180.16 ஆகிறது. 180.16 ÷ 162.14 = 1.111.

ஆனால் இது முற்றும் உலர்ந்த ஸ்டார்ச்சுக்கு. களத்தில் காயவைத்துச் சாக்கில் பிடித்த குச்சிக்கிழங்கு மாவில் 12 சதவீதம் ஈரம் இருப்பது இயல்பு. 20.0 கிராம் மாவில் உலர்ந்த பொருள் 17.6 கிராம்தான். வர வேண்டியது 19.6 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸை அளக்கும் ஃபெலிங் தரம்பார்த்தலில் 16.8 கிராம் என்று வந்தால் விளைச்சல் 86 சதவீதம். ஈரத்தைக் கழிக்காதவர் 22.2 ஆல் வகுத்து 76 என்று எழுதுவார். வினை நன்றாகவே நடந்திருக்கும், பத்து சதவீதத்தைச் சாக்கு ஈரம் தின்றிருக்கும். மாவில் சிறு பகுதியை 105 டிகிரியில் நிலை எடை வரும்வரை வைத்து ஈரத்தை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அதே தயாரிப்பு ஏற்காட்டில் செய்தால் ஈல்டு மாறுமா?

கோட்பாட்டு விளைச்சல் மாறாது, கைக்கு வருவது மாறலாம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே நீர் 95 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், எத்தில் ஆல்கஹால் 78க்குப் பதில் 74 டிகிரியில். ரீஃப்ளக்ஸில் (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பிக் கொதிக்கவிடுவதில்) நடக்கும் வினை அந்த அளவுக்கு மெதுவாகும். பத்து டிகிரிக்கு வேகம் இருமடங்கு என்ற தோராய விதிப்படி, கீழே ஒரு மணி நேரம் என்றால் மேலே ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் விடுவது நல்லது. உருகுநிலை மாறாது, அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

குளிர் உங்கள் பக்கம். தாய்நீரில் இழப்பு குறையும். மழைக்காலப் பனிமூட்டம் எதிர்ப்பக்கம். திறந்து வைத்த படிகம் இரவு முழுதும் கிடந்தாலும் காயாது. கையால் தொட்டால் காய்ந்ததுபோல இருந்து, தராசில் 105 சதவீதம் காட்டும். டெசிக்கேட்டர் இல்லாமல் அங்கே எடை போடாதீர்கள்.

எஸ்டர் தயாரிப்பு சமநிலை வினை. கோட்பாட்டு விளைச்சலைச் சமநிலை வரைதானே போட வேண்டும்?

இல்லை, கட்டுப்பாட்டுக் காரணி முழுதும் மாறியதாகவே போட வேண்டும். அசிட்டிக் அமிலமும் எத்தில் ஆல்கஹாலும் சம மோல் எடுத்தால் சமநிலை மாறிலி ஏறத்தாழ 4, அதன்படி 67 சதவீதத்தில் நின்றுவிடும். ஆல்கஹாலை இருமடங்காக்கினால் 85, மும்மடங்காக்கினால் 90. உண்டாகும் நீரை வெளியே எடுத்தால் இன்னும் மேலே போகும். ஆக 60 சதவீதம் வந்தால் கையைக் குறை சொல்லாமல் விகிதத்தை மாற்றிப் பாருங்கள்.

தொடக்கப் பொருள் கொஞ்சம் திரும்பக் கிடைத்தால்?

10 மி.மோல் போட்டு 2 மி.மோல் திரும்பக் கிடைத்து, 6 மி.மோல் விளைபொருள் வந்தால்: மாற்றம் 80 சதவீதம், விளைச்சல் 60 சதவீதம், மாறியதில் விளைபொருளானது 75 சதவீதம். விளைச்சல் என்று வெறுமனே எழுதினால் 60தான். 75ஐப் போட விரும்பினால் "மீண்ட தொடக்கப் பொருளைக் கழித்து" என்று சொல்லியே போட வேண்டும்.

எத்தனை தசமம்?

71.2644 வேண்டாம். தராசு இரண்டு தசமம் காட்டினால் 71.3 போதும். முக்கிய வினைபடுபொருளையே அளவு உருளையில் அளந்திருந்தால் 71 என்பதே நேர்மை.

எது நல்ல ஈல்டு?

90க்கு மேல் மிகச் சிறப்பு, 70க்கு மேல் நன்று, 50 பரவாயில்லை, 40க்குக் கீழ் மோசம் என்பது வழக்கமான பேச்சு. வினையைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். டைபென்சால்அசிட்டோனில் 80 எளிது, நைட்ரோ ஏற்றத்தில் 70 வந்தாலே மகிழலாம்.

ஈல்டு கழிவைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்பிரின் 100 சதவீதம் வந்தாலும் போட்டதில் கால் பங்கு அசிட்டிக் அமிலமாகத்தான் போகும்: 180.16 ÷ (138.12 + 102.09) = 75 சதவீதம். 1991இல் அமெரிக்க வேதியியலாளர் பாரி டிராஸ்ட் முன்வைத்த அணுச் சிக்கனம் என்ற அளவு இதுதான். மிகையாக ஊற்றிய அன்ஹைட்ரைடு அதற்கும் மேல்.

ரெக்கார்டில் எப்படி எழுதுவது?

இந்த வரிசையில் எழுதினால் தேர்வாளர் எதையும் தேட வேண்டியதில்லை:

சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம், 0.01448 மோல், கட்டுப்பாட்டுக் காரணி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு 5 மி.லி., 0.0529 மோல், மிகை. கோட்பாட்டு விளைச்சல் 2.61 கிராம். கச்சா 2.31 கிராம், 88.5 சதவீதம். ஆல்கஹால்-நீரில் மறுபடிகமாக்கிய பின் 1.86 கிராம், 71.3 சதவீதம். வெண்ணிற ஊசிகள், உருகுநிலை 134 முதல் 136 டிகிரி. ஃபெரிக் குளோரைடுடன் ஊதா நிறம் இல்லை.

ஏதாவது சிந்தியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்: "வடிகட்டும்போது சிறிது வெளியே சிந்தியது." எண் தாழ்ந்ததற்கு அதுவே பதில்.